நடுவில் பெட்டி வைக்கிற மோட்டார் சைக்கிள்

போன கிழமை எங்கள் பழைய கந்தோரிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. நான் ஓய்வு பெற்ற இடத்தில் இப்போது வேலை செய்யும் நேர்ஸ். சுகம் விசாரித்து முடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"மிஸ், பழைய பைக்க மாத்தப் போகினம். மூண்டு படம் அனுப்பியிருக்கிறன். எது நல்லதெண்டு பாத்துச் சொல்லுங்கோவன்."

"எனக்கு பைக் ஓடத் தெரியாது பிள்ளை."

"அது தெரியும் மிஸ். ஆனா பின்னால இருக்கப்போறது நானெல்லோ."

அந்தப் பதில் எனக்குப் பிடித்துக்கொண்டது. பெரிய மோட்டார் சைக்கிள்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் முன்னால் இருந்து ஓடுகிறவர்கள்தான். எஞ்சின், வேகம், சத்தம், நிறம் என்று விடிய விடியப் பேசுவார்கள். பின்னால் இருக்கிற சீவனைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. மன்னார்த் தீவிலிருந்து முசலிக் கரை வரை என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதியைப் பின்சீற்றில் கழித்தவள் நான். அந்தப் பாதையில் உள்ள கிடங்கு பள்ளமெல்லாம் என் முதுகெலும்புக்குத் தெரியும். ஆகவே போனில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

தாதிப் பயிற்சி யாழ்ப்பாணத்தில். பிறகு சில காலம் வவுனியாவில் வாட்டு வேலை. சண்டை முடிந்த கையோடு மன்னாருக்குத் திரும்பி, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். படுத்த படுக்கையானவர்கள், இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்வர வழியில்லாதவர்கள்தான் எங்கள் ஆட்கள். புண் கழுவுவது, சிறுநீர் போக வைக்கும் சலக்குழாயை மாற்றுவது, வீட்டுக்காரருக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஜீப் போகாத இடங்களுக்குப் போக ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது.

வாகனங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் மாரிமுத்து ஐயா. மலைநாட்டிலிருந்து வந்து பாப்பாமோட்டையில் குடியேறிய குடும்பம். எத்தனையோ வருடம் எங்களோடு இருந்தும் அவர் தன் பேச்சை விட்டுக்கொடுக்கவில்லை. நாங்கள் 'வாங்கோ, இருங்கோ' என்றால் அவர் 'வாங்க, உக்காருங்க' என்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கைலேஞ்சியை எடுத்து ஏதாவது ஒரு வாகனத்தின் லைட்டைத் துடைக்கத் தொடங்குவார். காலையில் வரும்போது லைட் பளபளவென்று இருந்தால், யாரோ பிழை விட்டிருக்கிறார்கள் என்று எங்களுக்கு விளங்கிவிடும்.

நான் முதல்நாள் எல்லாப் பெண்களையும் போலக் கால் இரண்டையும் ஒரு பக்கம் போட்டுத்தான் ஏறி இருந்தேன். அவர் வந்து முன்னால் நின்றார்.

"மிஸ், இப்படி உக்காந்தா மணல்ல வண்டி ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் போயிருவீங்க."

"சாறியோட வேற எப்பிடி இருக்கிறது?"

"சாறிய மாத்தலாம் மிஸ். மணல மாத்த ஏலாது."

அடுத்த கிழமை காற்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு இரு பக்கமும் கால் போட்டு இருந்தேன். கோயிலில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பைக் ஓடியவர் றபீக். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் வழக்கப்படி எல்லோருக்கும் அவர் காக்கா. சிலாவத்துறைக்காரர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, பிறகு ஊருக்குத் திரும்பி வந்தவர். வீட்டில் வாய் ஓயாத மனிதர், ஹான்டிலைப் பிடித்தால் ஊமை. முதல் முறை அவர் ஊர் வழியாகப் போனபோது தேத்தண்ணிக் கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கலியாணம் கட்டாத ஒரு கத்தோலிக்க நேர்ஸ், மனைவி பிள்ளைகள் உள்ள ஒரு முஸ்லிம் மனிதரின் முதுகோடு ஒட்டி இருந்து போனால் பார்க்கத்தானே செய்வார்கள். எனக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் றபீக்கின் கழுத்து சிவந்துவிட்டது. அடுத்த பயணத்தில் நானே மருந்துப் பெட்டியை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டேன். றபீக்கின் மனைவி அதற்குப் பச்சைச் சீலையில் உறை தைத்துக் கொடுத்தா. அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. எங்களுக்குப் பிறகு சேர்ந்த நேர்ஸ்மாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். முன்னால் காக்கா, நடுவில் பெட்டி, பின்னால் மிஸ். எங்கள் கந்தோரில் இதுதான் சட்டம்.

இனி ஜலீலைப் பற்றிச் சொல்லவேண்டும். அவரை வைத்துத்தான் எங்கள் காலத்துப் புது பைக்கின் கதையே தொடங்கியது.

ஜலீல் சங்கு குளிக்கிறவர். ஆழத்தில் இருந்து அவசரமாக மேலே வந்த ஒருநாளில் நெஞ்சுக்குக் கீழே உணர்வு போய்விட்டது. எங்கள் கரையில் இப்படி ஆனவர்கள் ஒருவர் இருவர் அல்ல. சிலாவத்துறைக்குத் தெற்கே, தார் போட்ட காபற் றோட்டை விட்டு இறங்கி, மணலும் உடைமரப் பற்றையும் தாண்டி, ஒரு ஓடையையும் கடந்தால் வரும் மீன்பிடிக் குடியிருப்பில் அவர் வீடு. மனைவி பரீனா அவரைப் பார்த்த பார்வையை வாட்டில்கூட நான் கண்டதில்லை. படுக்கைப் புண் என்ற ஒன்று அந்த உடம்பில் வந்ததே இல்லை.

இப்படி நெஞ்சிலிருந்து கீழே உணர்வு போனவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. சலக்குழாய் அடைத்துக்கொண்டால், சலப்பை நிரம்பின வலி மூளைக்குத் தெரியாது. ஆனால் உடம்புக்குத் தெரியும். இரத்த அழுத்தம் கண்மண் தெரியாமல் ஏறும். தலை பிளக்கும். உடனே குழாயைச் சரிசெய்யாவிட்டால் மூளையில் இரத்தம் கசிந்து ஆள் போய்விடும். ஜலீலின் குழாயில் சுண்ணாம்புபோல வெள்ளைக் கறள் படிந்து அடைக்கும் தன்மை இருந்தது. மாதம் தவறாமல் மாற்றியே ஆகவேண்டும். அந்த வருடம் எங்கள் பழைய பைக் இரண்டு தடவை வழியில் நின்று, ஒரு தடவை போகவே முடியாமல், குழாய் மாற்றும் நாள் தள்ளிப் போனது. அடுத்த தடவை அவர் வீட்டு வாசலில் கால் வைக்கும்வரை பரீனாவுக்கு அழைத்து அழைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வெளிநாட்டு உதவி ஒன்று வந்தது. ஒரே ஒரு பெரிய மோட்டார் சைக்கிள். காபற் றோட்டிலும் ஓடவேண்டும், மணலிலும் சேற்றிலும் ஓடவேண்டும். அவ்வளவு பெரிய எஞ்சினுக்கு வேண்டிய விசேட அனுமதியும் நிறுவனத்தின் பெயரில் கிடைத்தது. எதை வாங்குவது என்று மாரிமுத்து ஐயா பார்த்துச் சொல்லவேண்டும்.

விற்பனை நிறுவனத்திலிருந்து ரமேஷ் என்ற இளைஞர் மூன்று பைக்குகளை லொறியில் ஏற்றிக்கொண்டு கொழும்பிலிருந்து வந்தார். நல்ல பிள்ளை. விற்க வந்தவர் போல இல்லை, பைக்கில் பைத்தியம் பிடித்தவர் போலத்தான் இருந்தார். தீவின் தென்கரையில் கருவாடு காயப்போடும் மணல்வெளி ஒன்றுக்கு மூன்றையும் கொண்டுபோனோம்.

மாரிமுத்து ஐயா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் சுற்றி வந்தார். ஒன்றையும் தொடவில்லை. இரண்டாவது சுற்றில் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். மூன்றாவது சுற்றில் எஞ்சினைப் போடச் சொல்லி, கொஞ்சம் ஓடவிட்டு, பின்சீற்றில் இருக்கிறவரின் கெண்டைக்கால் வரும் இடத்தில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். சைலன்சரின் சூடு காலில் படுமா என்று பார்க்கிறாராம். அதுவரை ஒருவரும் என் காலைப் பற்றி யோசித்ததில்லை.

முதலாவது பைக்கின் அழகை என்னவென்று சொல்ல. உயரம், அகலம், முன்னால் கண்ணாடி, பக்கத்துக்கு ஒரு அலுமினியப் பெட்டி, திரையில் படம். ரமேஷ் அதன் திறமைகளைச் சொல்லிக்கொண்டே போனார். மாரிமுத்து ஐயா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ரொம்ப நல்ல வண்டி தம்பி. இப்ப விழுத்திப் பாப்போம்."

"என்ன ஐயா?"

"சாமான் ஏத்தி, மணல்ல படுக்கப் போட்டு, இவங்க ரெண்டு பேரும் தூக்க முடியுதான்னு பாக்கணும்."

ரமேஷின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ஐயா, இதுல இன்னும் ஒட்டின பிளாஸ்டிக்கூடக் கழட்டல்ல."

"விழும்போது அதப் பாத்து விழாதுங்க தம்பி."

இது புதுப் பழக்கம் அல்ல. எங்கள் கராஜுக்கு வரும் எந்த பைக்கையும் முதலில் விழுத்துவது மாரிமுத்து ஐயாதான். தானே பிடித்து, பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல மெல்லச் சரிப்பார். "முதல் விழுகை வீட்டுல விழட்டும்" என்பார். அதற்குப் பிறகு றபீக்கும் நானும் தூக்கவேண்டும். அதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் எஞ்சினை நிற்பாட்டவேண்டும். கியரில் போடவேண்டும், இல்லையென்றால் தூக்கும்போது உருளும். வலது பக்கம் விழுந்திருந்தால் தூக்க முதலே ஸ்ராண்டை வெளியே தள்ளிவிடவேண்டும், இல்லையென்றால் நிமிர்த்தின வேகத்தில் மற்றப் பக்கம் போய்ச் சாயும். பிறகு முதுகைச் சீற்றில் கொடுத்து, ஒரு கை ஹான்டிலில், ஒரு கை பின் கம்பியில், இடுப்பு நாரியை வளைக்காமல் காலால் தள்ளிப் பின்னாலே நடக்கவேண்டும். அவசரப்படக் கூடாது. விழுந்த கோபத்தில் தூக்குகிறவனுக்குத்தான் நாரி பிடிக்கும் என்பது ஐயாவின் கணக்கு.

அந்த அழகுராணி அசையவே இல்லை. றபீக் முன்னால், நான் பின்னால், கால் மணலில் புதைந்ததுதான் மிச்சம். பக்கத்துப் பெட்டி மணலைக் கிண்டிக்கொண்டு கிடந்தது. கடைசியில் கருவாடு காயப்போட்ட ஆட்கள் வந்து பிடித்துத்தான் நிமிர்ந்தது.

இரண்டாவது மெலிந்த பைக். றபீக் ஒற்றை ஆளாகத் தூக்கிவிட்டார். மணலில் மான்குட்டிதான். ஆனால் பின்சீற் என்று இருந்தது ஒரு பலகைத் துண்டு. பெட்டியை நடுவில் வைத்தால் நான் பின் லைட்டுக்கு மேல்தான் இருக்கவேண்டும்.

"பெட்டிய பின்னால கட்டலாமே மிஸ், அதுக்குத்தான கரியர் இருக்கு" என்றார் ரமேஷ்.

நான் றபீக்கைப் பார்த்தேன். றபீக் கடலைப் பார்த்தார். மாரிமுத்து ஐயா குறுக்கே வந்தார்.

"பாரம் பின்னுக்குப் போனா மணல்ல முன் வீல் லேசாகிரும் தம்பி. ஹான்டில் சொன்ன பேச்சுக் கேக்காது. நடுவுல இருந்தா வண்டி நிதானமா போகும்."

அது உண்மைதான். ஆனால் அவர் அதைச் சொன்னது றபீக்கின் கழுத்து இன்னொரு முறை சிவக்காமல் இருக்கத்தான் என்று எனக்குத் தெரியும். ரமேஷும் கெட்டிக்காரர். எங்கள் இருவரையும் ஒரு தடவை பார்த்தார். "சரி ஐயா, விளங்குது. அப்ப நீளமான சீற் வேணும்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது அழகில்லாத பைக். முன்பக்கம் எங்கள் ஊர்க் கழுதையின் முகம்போல நீண்டு கிடந்தது. கம்பி வைத்த வீல், ரியூப் உள்ள ரயர், தட்டையான நீளச் சீற். விழுத்தினோம். தூக்கும்போது எனக்குக் கண்ணுக்குள் பூச்சி பறந்தது, ஆனால் எழும்பியது. மாரிமுத்து ஐயா இன்னொரு தரம் விழுத்தச் சொன்னார். மற்றப் பக்கமும் தூக்கினோம். பிறகு ரயரில் கொஞ்சம் காற்றை இறக்கி, றபீக், பெட்டி, நான் என்று மூன்று பாரமும் ஏற்றி, ஆள் நடக்கும் வேகத்தில் மணலில் வட்டம் போடச் சொன்னார். தானும் பக்கத்திலேயே நடந்தார். ரமேஷ் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மற்றப் பக்கத்தில் நடந்துகொண்டே, மணலில் எப்போது மிதியில் எழும்பி நின்று ஓடவேண்டும், எப்போது இருக்கவேண்டும் என்று றபீக்குக்குச் சொல்லிக்கொடுத்தார். றபீக்குக்கு அதுவரை தெரியாமல் இருந்த வித்தை அது. ஐயாவும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

தலைமைக் கந்தோருக்கு முதலாவதுதான் விருப்பம். உதவி தந்தவர்களுக்குப் படம் அனுப்ப அதுதான் எடுப்பாக இருக்கும். பணிப்பாளர் போனில் சத்தம் போட்டது அறை வாசலில் நின்ற எனக்கும் கேட்டது. மாரிமுத்து ஐயா கைலேஞ்சியை எடுத்தார். பக்கத்தில் லைட் ஒன்றும் இல்லாததால் தான் சாய்ந்திருந்த கதிரையின் கைப்பிடியைத் துடைத்தார்.

"சேர், நீங்க ஒரு நாள் வாங்க. மிஸ் உக்கார்ற இடத்துல உக்காந்து ஜலீல் வீட்டுக்குப் போயிட்டு வாங்க. அதுக்கப்புறம் நீங்க எந்த வண்டியச் சொன்னாலும் எடுக்கிறேன்."

அவர் வரவில்லை. ஆனால் விட்டுக்கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. இந்த மாரி மழைக்கும் பயணம் தடைப்பட்டால் தெற்குக் கரைக்குப் போவதையே நிறுத்திவிடுவோம் என்றார். ஐயா எனக்கு அதைச் சொன்னபோது சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு ஜலீலின் முகம்தான் முன்னால் வந்தது. நாங்கள் போகாவிட்டால் அந்த வீட்டுக்குப் போக வேறு ஒருவரும் இல்லை.

கழுதை என்றே எல்லோரும் கூப்பிட்ட அந்த பைக் மாரி தொடங்கும்வரை நன்றாக ஓடியது. மாரி அந்த வருடம் பேய்த்தனமாகப் பிடித்தது. முருங்கன் பக்கம் வயலும் குளமும் ஒன்றாகிவிட்டன. எங்கள் ஜீப் அங்கே வெள்ளத்தில் இடம்பெயர்ந்தவர்களின் நலன்புரி முகாம்களுக்குப் போய்விட்டது. அப்படி ஒரு காலையில்தான் பரீனா எனக்கு அழைத்தா.

"மிஸ், அவருக்கு தல வெடிக்கிற மாதிரி இருக்காம். மொகமெல்லாம் செவந்து வேர்த்துக் கொட்டுது. பையில சலம் இல்ல."

என் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"ஆளை நிமித்தி இருத்துங்கோ. காலைத் தொங்கவிடுங்கோ. இடுப்புச் சாறத்தை இளக்கி விடுங்கோ. குழாய் எங்கயும் மடிஞ்சு கிடக்குதோ எண்டு பாருங்கோ. படுக்க மட்டும் விடாதையுங்கோ. நாங்கள் வாறம்."

நான் கதைத்ததைக் கேட்டு மாரிமுத்து ஐயா ஏற்கனவே ரயரில் காற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். றபீக் ஹெல்மெட்டோடு வந்தார். ஐயா இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்:

"நடந்து பாக்காத தண்ணிக்குள்ள வண்டிய விடாதீங்க. விழுந்தா அவசரப்படாதீங்க."

சிலாவத்துறை வரை காபற் றோட்டில் பறந்தோம். மழை முகத்தில் மண்ணள்ளிப் போட்டதுபோல அடித்தது. அந்தப் பெரிய எஞ்சினின் அருமை அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அத்தனை பாரத்தோடும் காற்றுக்கு எதிராக ஒரு முனகல்கூட இல்லாமல் போனது. மணல் பாதையில் இறங்கியதும் றபீக் நிறுத்தி, காற்றை இறக்கி, எழும்பி நின்றுகொண்டு ஓடினார். பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் மாதாவைக் கூப்பிட்டேன். முன்னால் றபீக் அல்லாவைக் கூப்பிட்டார். யார் யாருக்குக் கேட்டதோ தெரியாது, ஓடைவரை விழாமல் வந்துவிட்டோம்.

ஓடைக்கு இந்தப் பக்கம் ஊரின் ஒரே ட்ரக்டர் அச்சுவரை சேற்றில் புதைந்து கிடந்தது. கடலில் வள்ளம் இறக்க முடியாத அலை. றபீக் ஒரு தடியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். ஓடிப் போகவேண்டிய நேரத்தில் இந்த மனிதர் தடியால் குத்திக் குத்தி நடக்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அக்கரைவரை போய், வேறு வழியால் நடந்து திரும்பி வந்தார்.

"நேர போனா கெடங்கு மிஸ். வளைஞ்சு போகணும். நீங்க பொட்டியோட நடந்து வாங்கோ."

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்காலுக்கு மேலான தண்ணீரில் நடந்தேன். பக்கத்தில் கழுதை ஆவி பறக்க வந்தது. நேராக விட்டிருந்தால் பைக்கும் போயிருக்கும், அன்றைய பயணமும் போயிருக்கும், ஜலீலும் போயிருப்பார்.

அக்கரையில் ஏறிக் கொஞ்சத் தூரத்தில் ஈர மணல் முன் வீலை இழுத்தது. வலது பக்கம் விழுந்தோம். எனக்கு ஒன்றுமில்லை, றபீக்கின் முழங்கை உரசியது. எஞ்சின் நின்றது. கியர். ஸ்ராண்ட். முதுகு. ஒரு மூச்சு எடுத்தோம். தூக்கினோம். கருவாட்டு மணலில் பழகியதற்கு அதிகமாக ஒன்றும் செய்யவில்லை. எழும்பியதும் றபீக் அந்த நீண்ட முகத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

ஜலீலைப் பரீனா தன் முதுகில் சாய்த்து இருத்தி வைத்திருந்தா. அவர் கண் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்துக் கிடந்தது. நெஞ்சுக்குக் கீழே தோல் குளிர்ந்து மயிர் கூச்செறிந்து நின்றது. அழுத்தத்தைப் பார்த்தேன், பார்த்ததை வாயால் சொல்லவில்லை. குழாய் எங்கும் மடியவில்லை. நினைத்ததுபோல உள்ளே கறள் அடைத்திருந்தது. பழையதை எடுத்து, கையுறை மாற்றி, கழுவி, மரக்கச் செய்யும் களிம்பு போட்டு, அது வேலை செய்யும்வரை காத்திருந்தேன். உணர்வில்லாத ஆளுக்கு எதற்கு என்று கேட்பார்கள். அவருக்குத் தெரியாத வலியும் அழுத்தத்தை ஏற்றும். அந்தக் காத்திருப்புத்தான் என் உத்தியோகத்திலேயே நீண்டது. பிறகு புதுக் குழாயை ஏற்றினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. கலங்கி, இரத்தம் கலந்து, பை நிறைய நிறைய வந்தது.

ஜலீல் ஒரு பெருமூச்சு விட்டார். "மிஸ், தலைக்குள்ள இருந்து ஆரோ எறங்கிப் போறாங்க" என்றார். பரீனா அவர் முதுகுக்குப் பின்னால் இருந்து சத்தமில்லாமல் அழுதா. நானும் அழுதேன். வெட்கமில்லை.

அழுத்தம் இறங்கியது. ஆனால் உடம்பு கொதித்தது, சலத்தில் கிருமி. மருந்து ஊசியில் ஏறவேண்டும், அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். வீட்டில் வைத்திருக்க முடியாது. சிலாவத்துறை ஆஸ்பத்திரிக்கு அழைத்தேன். அம்புலன்ஸ் பிரசவக்காரி ஒருத்தியை ஏற்றிக்கொண்டு மன்னாருக்குப் போயிருந்தது, வந்தாலும் ஓடையைத் தாண்டாது.

றபீக் வெளியே போய்ப் பைக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மிஸ், பொட்டி வைக்கிற எடம் இருக்கு."

மாரிமுத்து ஐயாவுக்கு அழைத்துச் சொன்னேன். அவர் கேட்டது: "அவரு காலு சைலன்சர்ல பட்டாத் தெரியாதே மிஸ். என்ன சுத்தப் போறீங்க?" எனக்கு அது நினைவில் வந்திருக்கவில்லை. அவர் காலைச் சுற்றித் தலையணையை நனைத்துக் கட்டினோம். பாதங்களுக்குச் சப்பாத்துப் போட்டு மிதியோடு கட்டினோம். சீற்றில் பரீனாவின் மெத்தைத் துண்டு. ஜலீலை றபீக்கின் முதுகோடு சேர்த்து ஒரு சாறியால் கட்டி, நான் பின்னால் ஏறி இரு கையாலும் அவரை அணைத்துப் பிடித்துக்கொண்டேன். அத்தனை வருடம் ஒரு சாண் பெட்டிக்காகச் சண்டை பிடித்த எங்களுக்கு அன்று நடுவில் ஒரு மனிதன் இருந்தான். தேத்தண்ணிக் கடை நினைவே வரவில்லை.

ஊர் ஆண்கள் இரு பக்கமும் ஹான்டிலையும் பின் கம்பியையும் பிடித்துக்கொண்டு எங்களை மணல் முழுக்க நடத்திக் கொண்டுவந்து, ஓடையைக் கடத்தி, காபற் றோட்டில் ஏற்றிவிட்டார்கள். அங்கேயே ஆஸ்பத்திரிக்கும் அழைத்துச் சொன்னேன். மழையும் விட்டிருந்தது. றபீக் கியர் மாற்றி வேகம் எடுத்தார். நான் ஜலீலின் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு, "கெதியாப் போங்கோ, கெதியாப் போங்கோ" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

இடது பக்கம் பற்றை விலகிக் கரை திறந்தது. ஜலீல் ஏதோ சொன்னார். காற்றில் கேட்கவில்லை. முன்னால் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"என்ன, தலையிடி திரும்ப வந்திட்டுதே?"

"இல்ல மிஸ். காக்காவ கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்கோ."

"ஏன், எங்கயும் ஏலாம இருக்கோ?"

"இல்ல. படுத்ததுல இருந்து கடல்ட சத்தம் மட்டுந்தான் கேக்கிறன். கண்ணால பாக்கல்ல."

அந்த வீட்டிலிருந்து கடல் கல்லெறி தூரம்தான். மாதாமாதம் போய் அவர் முதுகைப் பார்த்தேன், குதிகாலைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன். அந்தக் கட்டிலில் இருந்து தென்னோலைக் கிடுகு வேலியைத் தவிர ஒன்றும் தெரியாது என்பதை ஒருநாளும் பார்க்கவில்லை.

காய்ச்சல்காரனைக் காற்றில் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். யார் கேட்டிருந்தாலும் ஏசியிருப்பேன். றபீக்கின் தோளில் தட்டினேன்.

"மெதுவா."

றபீக் திரும்பிக் கேட்கவில்லை. ஆள் நடக்கும் வேகத்துக்கு இறக்கினார். மூன்று பேரோடு அந்தப் பெரிய பைக் கொஞ்சமும் தளம்பாமல் கரையோரமாக ஊர்ந்து போனது. ஜலீல் றபீக்கின் முதுகில் கன்னத்தை வைத்து முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டார். என் விரலுக்கடியில் நாடி ஒழுங்காக ஓடியது. கரை முடியும்வரை றபீக் அந்த வேகத்திலேயே போனார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ரெச்சரோடு காத்துக்கொண்டிருந்த டொக்டருக்குக் கோபம்.

"ஓடை தாண்டியாச்செண்டு எப்பவோ சொன்னீங்கள். அங்கயிருந்து இவ்வளவு நேரமா மிஸ்?"

"றோட்டு சரியில்லை டொக்டர்" என்றேன்.

ஸ்ரெச்சரில் கிடந்த ஜலீல் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.